ரசீதுக்கு முன் பணம்: அயர்லாந்தின் ஊரக வளர்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், அயர்லாந்து அரசின் ஊரக, சமூக வளர்ச்சி மற்றும் கேல்டாக்ட் துறையின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் லீட்ரிம் கவுண்டியில் ஒரு சிற்றூரில் வாழ்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தின் பொருளாளராகவும் இருந்து வருகிறேன். இம்மடலின் ஆங்கிலப் படியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் இதை வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. என்னைப் போலவே மருத்துவமனைப் பணிக்கும் முதியோர் இல்லப் பணிக்கும் வந்து, டப்ளினுக்குத் தொலைவான சிற்றூர்களில் குடியமர்ந்து, பிள்ளைகளை அங்குள்ள பள்ளிகளில் சேர்த்து, இப்போது அந்தந்த ஊர்க் குழுக்களில் மெல்ல இடம்பெற்றுவரும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குழுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகம் யார் கைக்கு வந்து சேர்கிறதோ அவருக்கு நான் எழுதுவது உடனே விளங்கும்.

நான் கேட்க வந்தது ஒன்றே. ஊரகச் சமூகக் குழுக்களுக்கு அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் தரும் மூலதன மானியத்தில் பெரும்பகுதி, குழு தன் கையிலிருந்து செலவு செய்து முடித்து, ரசீதுகளைக் காட்டிய பிறகே கொடுக்கப்படுகிறது. இந்த முறையை மாற்றி, ஒப்புதல் கிடைத்த குழுவுக்கு மானியத்தில் பாதியையாவது வேலை தொடங்கும் முன்பே வழங்க வேண்டும்.

அரசு ஊரகத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது உண்மையும் அல்ல. ஊரக வளர்ச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் லீடர் திட்டம் 1991-இல் தொடங்கிய நாள் முதல் அயர்லாந்து அதில் பங்கேற்று வருகிறது. 2001-இல் தொடங்கப்பட்டு, நிதி நெருக்கடிக் காலத்தில் நிறுத்தப்பட்ட கிளார் திட்டம் 2016-இல் மீண்டும் உயிர்பெற்றது. மக்கள்தொகை பெரிதும் சரிந்துபோன பகுதிகளுக்கென்றே உருவான திட்டம் என்பதால் எங்கள் கவுண்டிக்கு அது மிக நெருக்கமானது. 1841-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த லீட்ரிமில், 2022 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 35,199 பேர். நகர, கிராமப் புத்துயிர்ப்புத் திட்டம் 2016-இல் வந்தது. 2017-இல் ஊரகத்துக்கென்று தனித் துறையே அமைந்தது. 2018-இல் பத்தாண்டுகளுக்கு நூறு கோடி யூரோ என்ற அளவில் ஊரகப் புத்துயிர்ப்பு நிதி அறிவிக்கப்பட்டது. லீடரின் 2014–2020 காலத்துக்கு 25 கோடி யூரோவும், 2023–2027 காலத்துக்கு 18 கோடி யூரோவும் ஒதுக்கப்பட்டன. இந்தத் தொகை குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். ஏழாண்டுக்கும் ஐந்தாண்டுக்கும் தனித்தனியே வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரே தொகைதான் வருகிறது. அதே பணத்தில் இன்று போட முடிகிற கூரையின் அளவுதான் சுருங்கிவிட்டது.

ஆகவே என் கவலை ஒதுக்கீட்டின் அளவைப் பற்றியது அல்ல. ஒதுக்கிய பணம் எந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறது, எந்த ஊரின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்பதே என் கவலை.

எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று பெயர் குறிப்பிடப் போவதில்லை. அங்கிருந்தவர்கள் தங்களுக்கு இடப்பட்ட விதியைத்தான் பின்பற்றினார்கள், எங்களிடம் கனிவாகவே நடந்துகொண்டார்கள்.

1950-களில் ஊரார் சேர்ந்து கட்டிய கூடம் அது. செவ்வாய்க்கிழமைகளில் தனியாக வாழும் முதியவர்களுக்கு அங்கே மதிய உணவு பரிமாறுகிறோம். சனிக்கிழமை பிள்ளைகள் நடனம் பழகுகிறார்கள். ஊரில் ஒருவர் இறந்தால் கல்லறையிலிருந்து திரும்புவோர் அங்கேதான் தேநீர் அருந்துகிறார்கள். கூரை நைந்து, மேடைக்கு வலப்புறம் ஒழுகத் தொடங்கியது. ஒரு நீல வாளியை அங்கே வைத்தோம். முதல் ஆண்டு ஒரு வாளி போதுமாக இருந்தது, மூன்றாம் ஆண்டில் ஐந்து தேவைப்பட்டன. கூரையை மாற்ற 75,000 யூரோ ஆகும் என்று மதிப்பிட்டார்கள். விண்ணப்பித்தோம். விண்ணப்பத்தை நிரப்பவே, இரவுப் பணி முடிந்து வந்த காலைப் பொழுதுகளில் நான்கு மாதங்கள் ஆயின. மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். வரி நிலுவையின்மைச் சான்று, காப்பீட்டுச் சான்று, நிலத்தின் மீது எங்களுக்குள்ள உரிமைக்கான பத்திரம், மூன்று ஆண்டுக் கணக்குகள் என்று எல்லாவற்றையும் இணைத்தோம். கடைசியில், ஒரு ஜனவரி மாத இரவில், ஒப்புதல் கடிதத்தைச் செயலாளர் குழுக் கூட்டத்தில் படித்தார். மொத்தச் செலவில் எண்பது சதவீதம், அதாவது 60,000 யூரோ மானியம். ஏழு பேரும் கைதட்டினோம்.

கடிதத்தின் நான்காம் பக்கத்தை நான்தான் படித்தேன். வேலை முழுவதும் முடிந்து, ஒப்பந்ததாரருக்கு முழுத் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து சென்று, அதற்கான வங்கிக் கணக்கு விவரமும் ரசீதுகளும் சரிபார்க்கப்பட்ட பிறகே மானியம் விடுவிக்கப்படும் என்று அதில் இருந்தது. ஊரின் பழைய தபால்காரரான ஒரு மூதாட்டி, கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அதுவரைக்கும் அந்த அறுபதாயிரத்தை யார் கொடுப்பது?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் பங்குத்தொகையான 15,000 யூரோவைக் கேக் விற்பனையிலும் ராஃபிள் சீட்டிலும் நடைப்பயண நன்கொடையிலும் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தோம். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

வங்கி ஒன்று எங்கள் கூடத்தை அடமானமாக ஏற்க மறுத்தது. ஒழுகும் கூரையுடைய ஊர்க் கூடத்தை யார் ஏலத்தில் எடுப்பார்கள் என்ற கேள்வி அவர்கள் தரப்பில் நியாயமானதே. குழு உறுப்பினர்கள் தனிப்பட்ட உத்தரவாதம் தந்தால் கடன் தரலாம் என்றார்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு விவசாயத் தம்பதி, தங்கள் நிலப்பத்திரத்தை ஒரு பழுப்பு உறையில் வைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். ஆடுகளையும் நாற்பது ஏக்கர் சேற்று நிலத்தையும் நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். பொதுக் கூடத்தின் கூரைக்காக அந்த உறையை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. பிறகு, சமூகக் குழுக்களுக்கென்றே கடன் தரும் ஓர் அமைப்பிடம் இடைக்காலக் கடன் பெற்றோம். அதற்குள் முதல் விலைப்புள்ளி காலாவதியாகிவிட்டது. வேலை முடிந்து கோரிக்கையை அனுப்பியபோது, மூன்றாம் விலைப்புள்ளியில் தேதி இல்லை என்று அது திரும்பி வந்தது. தேதியுடன் வேறொரு பிரதி வாங்கி அனுப்பினோம், கோரிக்கை வரிசையின் கடைசிக்குப் போனது. பணம் வந்து சேர எட்டு மாதங்கள் ஆயின. வட்டி மட்டும் ஏறத்தாழ 2,700 யூரோ. வட்டியை மானியத்தில் சேர்க்க விதி இடம் தரவில்லை. எங்கள் கூடம் ஒரு முழு ஆண்டில் ராஃபிளில் சம்பாதிக்கும் தொகை அது.

இருந்தாலும் எங்கள் கூரை இன்று ஒழுகவில்லை, வாளிகளைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டோம். பக்கத்து ஊருக்கு அதுவும் வாய்க்கவில்லை. பிள்ளைகளுக்கான விளையாட்டுத் திடல் ஒன்றுக்கு ஒப்புதல் பெற்றவர்கள், முன்பணம் திரட்ட வழியில்லாமல் ஒப்புதல் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசுக் கணக்கில் அது ‘செலவிடப்படாத தொகை’ என்ற தலைப்பில் போய் நிற்கும். ஊருக்குத் தேவை இல்லை போலும் என்று அந்த எண்ணைப் பார்ப்பவர் நினைத்துக்கொள்ளக் கூடும். இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது நெட்டைப் புல் வளர்ந்திருக்கிறது. புல்லுக்கு நடுவே, அளவெடுத்தவர் அடித்துவிட்டுப் போன நான்கு மரக்குச்சிகள், ஆரஞ்சு நிறப் பூச்சுடன் இன்னும் நிற்கின்றன.

அமைச்சர் அவர்களே, இந்த முறையால் நிகழ்வது இதுதான். தேவை அதிகமுள்ள ஊரைவிட, ஏற்கெனவே வங்கியில் பணம் வைத்திருக்கும் ஊருக்கு மானியம் எளிதாகக் கிடைக்கிறது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் வழக்கறிஞரும் கட்டடப் பொறியாளரும் குடியிருக்கும் ஊர், விண்ணப்பத்தையும் முறையாக எழுதுகிறது, இடைக்காலக் கடனையும் எளிதில் பெறுகிறது. கிளார் போன்ற திட்டங்கள் யாருக்காக உருவாயினவோ, இளைஞர்கள் வெளியேறி, 2018-இல் 159 அஞ்சலகப் பொறுப்பாளர்கள் விலகல் தொகை பெற்றுக்கொண்டு விலகியபோது தன் அஞ்சலகத்தையும் இழந்த ஊர்கள் எவையோ, அவையே வாசலில் நின்றுவிடுகின்றன. இல்லாதவனுக்கு உதவி என்று பெயர் வைத்து, இருப்பதைக் காட்டினால்தான் தருவேன் என்று சொல்வது போல் ஆகிவிடுகிறது. எவரும் வேண்டுமென்றே இப்படி அமைக்கவில்லை என்பதை நான் அறிவேன். விளைவு மட்டும் அதுவாகவே இருக்கிறது.

செலவுக்குப் பின்பே பணம் என்ற விதிக்கு ஒரு காரணம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். பொதுப் பணத்தைக் கையாளும் எவரும் ரசீது கேட்கத்தான் வேண்டும். மானியங்களை நிர்வகிப்பது குறித்து 2014-இல் வெளியான 13-ஆம் எண் சுற்றறிக்கை, சரிபார்க்கப்பட்ட செலவின் அடிப்படையில் பணம் வழங்குவதையே பொது விதியாக வைக்கிறது. ஐரோப்பியப் பணம் சம்பந்தப்பட்ட இடங்களில், ஒரு தாள் குறைந்தாலும் பின்னாளில் தணிக்கையில் அந்தத் தொகையை அரசே திருப்பித் தர நேரிடலாம் என்ற அச்சமும் அதிகாரிகளுக்கு இருக்கிறது. ஆனால் அதே சுற்றறிக்கை, உரிய அனுமதியுடன் முன்கூட்டியே நிதி வழங்கவும் இடம் விட்டிருக்கிறது. ஐரோப்பிய விதிகளும் ஊரக வளர்ச்சி முதலீடுகளுக்கான உதவியில் பாதி வரை முன்பணமாகத் தர அனுமதிக்கின்றன. 2014–2020 காலத்தின் விதி, அந்த முன்பணம் முழுமைக்கும் வங்கி உத்தரவாதம் கேட்டது. வங்கி உத்தரவாதத்துக்கு எங்களைப் போன்ற குழு எங்கே போகும்? ஆனால் அந்த விதியின் அடுத்த வரியிலேயே, ஒரு பொது அதிகார அமைப்பு தரும் உத்தரவாதமும் வங்கி உத்தரவாதத்துக்கு இணையாகக் கொள்ளப்படும் என்று இருந்தது. அதாவது, கவுண்டி மன்றமோ தங்கள் துறையோ உத்தரவாதம் அளித்தால் போதும் என்ற வழி அந்த விதியிலேயே இருந்தது. ஊர்க் கூடத்தின் பொருளாளர்களுக்கு அந்த வரியைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

இதைத் தங்களிடம் நான் முறைப்படி வேண்டுகிறேன். ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு சமூகத் திட்டத்துக்கும், அதன் மானியத்தில் பாதியை வேலை உத்தரவு கையெழுத்தாகும் நாளிலேயே வழங்க வேண்டும். அதற்குக் கவுண்டி மன்றம் உத்தரவாதம் நிற்க வேண்டும். மீதியை, பொறியாளர் சான்றளித்த ஒப்பந்ததாரரின் பட்டியலை வைத்து, கட்டம் கட்டமாகவும், இயன்றால் நேரடியாக ஒப்பந்ததாரருக்கே செல்லும்படியும் விடுவிக்கலாம். பணம் எங்கள் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இல்லை. இதனால் முறைகேடு பெருகும் என்று யாரேனும் சொன்னால், நேரடியாக ஒப்பந்ததாரருக்குச் செல்லும் பணத்தில் முறைகேட்டுக்கான இடம் இன்றைய முறையைவிடக் குறைவு என்று நான் பதில் சொல்வேன்.

சிறிய திட்டங்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆணிக்கும் ரசீது கேட்பதற்குப் பதில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மொத்தத் தொகையை, வேலை முடிந்திருப்பதை ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகு விடுவிக்கும் முறையை ஐரோப்பிய விதிகள் ஏற்கின்றன. தேதி விடுபடுவது போன்ற திருத்தக்கூடிய குறைகளை ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்த்துவிடலாம், அதற்காகக் கோரிக்கையை வரிசையின் கடைசிக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றமும் 2022-இல் லீடர் பற்றிய தன் சிறப்பு அறிக்கையில், ஒப்புதல் நடைமுறைகள் நீண்டு கிடப்பதையும் நிர்வாகச் செலவு கூடுவதையும் குறை கூறியிருக்கிறது. ஆக, தணிக்கையாளர்களுக்காகத்தான் இவ்வளவு தாள் என்று சொல்லும்போது, தணிக்கையாளர்களே இந்த நீளத்தைப் பாராட்டவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நாட்டின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1946 நவம்பர் 5 அன்று டப்ளின் கவுண்டியின் வடபகுதியில், கில்சலகன் என்ற இடத்தில், ஊரக மின்மயமாக்கலின் முதல் கம்பம் நடப்பட்டது. 1947 ஜனவரியில் அருகிலுள்ள ஓல்டுடவுனில் விளக்குகள் எரிந்தன. எந்தத் திருச்சபைப் பங்குக்கு, அதாவது ஒரு பாதிரியாரின் பொறுப்பிலுள்ள ஊர்ப் பகுதிக்கு, மின்சாரம் முதலில் வரும் என்பதை, அங்கே எத்தனை வீடுகள் சம்மதித்துக் கையெழுத்திடுகின்றன என்பதை வைத்தே தீர்மானித்தார்கள். பாதிரியாரும் ஊர்க் குழுவும் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார்கள். 1930-களில் ஜான் ஹேய்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய முயின்டிர் நா டீர இயக்கம் இதில் பெரும்பங்கு ஆற்றியது. ஊரின் ஆர்வமும் உழைப்பும் இவ்வாறு முன்னதாகவே கேட்கப்பட்டன. ஆனால் கம்பத்தையும் கம்பியையும் நீங்களே வாங்கி நட்டுவிட்டு ரசீது அனுப்புங்கள் என்று எந்த விவசாயியிடமும் சொல்லவில்லை. அரசும் மின் வாரியமும் முதலில் பணம் போட்டன, மக்கள் விளக்கு எரிந்த பிறகு கட்டணம் செலுத்தினார்கள். விவசாயிகளையே முதலில் பணம் போடச் சொல்லியிருந்தால், 1970-கள் வரை காத்திருந்த கெர்ரியின் பிளாக் பள்ளத்தாக்கைப் போல இன்னும் எத்தனை ஊர்கள் இருட்டில் கிடந்திருக்கும்! அன்றைய அயர்லாந்து இன்றைய அயர்லாந்தைவிடப் பன்மடங்கு ஏழை நாடு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஐரிஷ் மொழியில் ‘மெஹல்’ என்ற சொல் உண்டு. அறுவடைக்கும், அடுப்பெரிக்கச் சதுப்பு நிலக் கரிமண் வெட்டவும் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி, இன்று உன் வயல், நாளை என் வயல் என்று உழைக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். எங்கள் ஊர் மூதாட்டி அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது, என் தாத்தாவின் ஊரில் நடவு நாட்களில் நான் பார்த்ததும் இதுவே என்று அவரிடம் சொன்னேன். டொனெகல் கவுண்டியின் கிளென்கொலம்கில்லுக்கு 1951-இல் வந்த ஜேம்ஸ் மெக்டையர் என்ற பாதிரியார், ஊராரின் உழைப்பைத் திரட்டிக் கூட்டுறவுகளை அமைத்தார். அங்கு 1967-இல் திறக்கப்பட்ட நாட்டுப்புற அருங்காட்சியகக் குடில்களை ஊர் மக்களே கட்டினார்கள், இன்றும் அவற்றைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உழைப்பு இந்த ஊர்களில் இன்னும் வற்றிவிடவில்லை. எங்கள் கூரையின் பழைய தகடுகளை இறக்கிய வார இறுதியில், அழைக்காமலே இருபத்திரண்டு பேர் வந்து நின்றார்கள். எங்களிடம் இல்லாதது, எட்டு மாதங்களுக்கு அறுபதாயிரம் யூரோ மட்டுமே.

இதை இப்போது எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 2027-க்குப் பிந்தைய ஐரோப்பிய நிதித் திட்டத்தின் வரைவை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது. வேளாண் நிதியையும் வட்டார வளர்ச்சி நிதிகளையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே திட்டமாக இணைப்பது அதன் நோக்கம். இன்றைய விதிப்படி ஊரக வளர்ச்சி நிதியில் குறைந்தது ஐந்து சதவீதம் லீடருக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். புதிய ஏற்பாட்டில் அந்தப் பங்கு காக்கப்படுமா என்ற கேள்வி ஊர்க் குழுக்களிடம் எழுந்திருக்கிறது. 2026-இன் இரண்டாம் பாதியில் ஒன்றிய மன்றத்தின் தலைமைப் பொறுப்பு அயர்லாந்திடம். அந்த ஆறு மாதங்களில் லீடரின் பங்கைக் காப்பதற்காக வாதாடும்போது, முன்பணத்தையும் பொது உத்தரவாதத்தையும் விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகையாக வைக்காமல் நடைமுறையாக்க வேண்டும் என்றும் தாங்கள் வாதாட வேண்டும். உள்நாட்டு நிதியில் இயங்கும் திட்டங்களுக்கு அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை.

இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். கடந்த பத்தாண்டுகளில் ஒப்புதல் பெற்ற பிறகு கைவிடப்பட்ட சமூகத் திட்டங்கள் எத்தனை, எந்தெந்தக் கவுண்டிகளில், என்ன காரணத்தால் என்பதைத் துறை வெளியிட வேண்டும். ஒப்புதல் பெற்ற ஊர்களின் பட்டியல் ஒவ்வொரு முறையும் செய்திக் குறிப்பாக வருகிறது, அமைச்சர்கள் ஊர்ப்பெயர்களைப் படிக்கிறார்கள், நாங்களும் மகிழ்கிறோம். திருப்பி அனுப்பிய ஊர்களின் பெயரும் அதே அளவு எழுத்தில் ஒரு முறை வரட்டும்.

பக்கத்து ஊர்க் குழுவின் தலைவி சென்ற வாரம் எங்கள் செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்கு வந்திருந்தார். அடுத்த சுற்றில் விளையாட்டுத் திடலுக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாமா, அந்த மரக்குச்சிகளைப் பிடுங்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். தங்கள் பதில் வரும்வரை குச்சிகள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஊர்ச் சமூகக் கூடத்தின் பொருளாளர்,
லீட்ரிம் கவுண்டி